பன்னிரண்டு நிமிடம்

ஒருவருடைய மகள் கல்யாணத்தை நான் அழித்தேன். கல்யாணம் நல்லபடியாகத்தான் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். நான் அழித்தது அதன் வீடியோவை. அந்த வீடியோ ஒன்றைத்தான் நம்பி தம்மாமில் காத்திருந்தார் பெண்ணின் அப்பா. பதினோரு வருடம் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.

தீர்ப்புச் சொல்பவருக்கு முழு விவரமும் தெரிய வேண்டும். ஆகவே கம்ப்யூட்டரிலிருந்து தொடங்குகிறேன்.

2012-இல் பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் வீட்டு மாடி அறையில் வீடியோ மிக்ஸிங் செய்துகொண்டிருந்தேன். குன்னம், செந்துறை, அரியலூர், ஜெயங்கொண்டம் என்று சுற்றுவட்டாரக் கேமராக்காரர்கள் டேப்புகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்லாம் மினி டிவி டேப். ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் பிடிக்கும். ஏறி முடிந்தால் 13 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கு நான்கு டேப். வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, டிவிடியாக்க ரெண்டர் போட வேண்டும். இத்தனைக்கும் என்னிடம் இருந்தது வீட்டுக்கென்று 2009-இல் வாங்கிய ஒரே கம்ப்யூட்டர். பென்டியம் டூயல் கோர் இ5200. வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ். ராம் 667 ரகம், 2 ஜிபி.

அந்த வருடத்து மின்வெட்டை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். என் யு.பி.எஸ். பழையது. கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கிற அளவுக்குத்தான் தாங்கும். அதனால் கல்யாணத்தைத் துண்டு துண்டாக ரெண்டர் போடுவேன். நலங்கு ஒரு துண்டு. பெண் அழைப்பு ஒரு துண்டு. முகூர்த்தத் துண்டுக்கு மட்டும் சராசரியாக 70 நிமிடம் ஆகும். கரண்ட் இருப்பதோ 60 நிமிடம். முக்கால் கிணறு தாண்டியதும் கரண்ட் போகும். திரும்ப முதலிலிருந்து போட வேண்டும்.

ஓவர்கிளாக் செய்வது என்று முடிவெடுத்தது அப்போதுதான்.

அது என்னவென்று தெரியாதவர்களுக்கு அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரியை வைத்துச் சொல்கிறேன். நடைக்கு இவ்வளவு என்று கூலி. எட்டு நடை போகிற லாரியைப் பத்து நடை ஓட்டினால் காசு கூடும். லாரி அதே லாரி. பிரேக் அதே பிரேக். பிராசஸரும் ஒரு தாளத்தில் ஓடுகிறது. 2.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 250 கோடித் துடிப்பு. தயாரித்தவர்கள் பாதுகாப்பாக இவ்வளவுதான் என்று ஒரு எல்லை வைக்கிறார்கள். பயாஸுக்குள் போய் அந்தத் தாளத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம். என் போர்டில் அடிப்படைத் தாளம் 200. அதைப் பன்னிரண்டரையால் பெருக்கினால் 2500. நான் 200-ஐ 240 ஆக்கினேன். 3000 வந்தது. மூன்று கிகாஹெர்ட்ஸ்.

எனக்கு இந்த ஆசை திருச்சியில் படிக்கிற காலத்திலேயே ஒட்டிக்கொண்டது. 1998-இல் வந்த செலரான் 300ஏ என்ற பிராசஸரை, தாளத்தை 66-இலிருந்து 100-க்கு ஏற்றி 450-இல் ஓட்டினார்கள். என் சீனியர் ஒருவரிடம் அது இருந்தது. விலை குறைந்த சிப், விலை கூடிய சிப்பின் வேலையைச் செய்தது. அதைப் பார்த்த கண்ணுக்கு, கொடுத்த வேகத்தில் ஓட்டுகிறவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்களாகத் தெரிந்தார்கள். அந்த இளக்காரம் எனக்குள் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது.

முகூர்த்தத் துண்டு 70 நிமிடத்திலிருந்து 58 நிமிடமாயிற்று. ஒரு மணி நேரக் கரண்டுக்குள் முடிந்தது. நான் சம்பாதித்தது பன்னிரண்டு நிமிடம்.

துண்டை இரண்டாக வெட்டியிருந்தால் போதும். தாலி கட்டும்வரை ஒன்று, அதற்குப் பிறகு ஒன்று. முப்பத்தைந்து முப்பத்தைந்து நிமிடமாக எந்த மின்வெட்டுக்கும் அடங்கியிருக்கும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். மற்ற துண்டுகளை அப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே மின்வெட்டுக்காகச் செய்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். கேமராக்காரர்களிடம் "நம்ம மெஷின் மூணு கிகாவுல ஓடுது" என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பிடித்திருந்தது. சொன்னேன். அதை நம்பி வேலையும் கூடுதலாக வந்தது. முகூர்த்த மாதத்தில் ஆறு கல்யாணம் எடுக்கிற இடத்தில் ஒன்பது எடுத்தேன்.

அந்த வேகத்துக்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். 240-இல் கம்ப்யூட்டர் நிலையாக நிற்கவில்லை. அதனால் பிராசஸருக்குப் போகும் வோல்டேஜை 1.25-இலிருந்து 1.35-க்கு ஏற்றினேன். சூடு வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை. வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். கணக்குப் போட்டால் வேகம் 20 சதவீதம் கூடும்போது சூடு 40 சதவீதம் கூடியிருந்தது. மேலே இருந்தது பெட்டியோடு வந்த சாதாரண மின்விசிறி. இன்னொன்று, அந்தப் போர்டில் தாளத்தைக் கூட்டினால் ராமின் வேகமும் சேர்ந்து கூடும். 667-க்குச் செய்த ராம் 800-இல் ஓடியது. பிராசஸரின் சூட்டை அளக்க மென்பொருள் வைத்திருந்தேன். ராமை ஒருநாளும் சோதிக்கவில்லை.

சோதனை என்று நான் செய்தது மாசி மாதத்து ராத்திரி ஒன்றில் அரை மணி நேரம். முறையாகச் செய்பவர்கள் பிரைம்95 போன்ற ஒன்றை ஒரு நாள் முழுக்க ஓட விடுவார்கள். மெம்டெஸ்ட் வைத்து ராமை விடிய விடியப் பார்ப்பார்கள். எந்த வெயிலில் ஓடப்போகிறதோ அந்த வெயிலில் பார்ப்பார்கள். நான் பனிக்காலத்து அறையில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன். பெரம்பலூர் மாடி அறை மாசியில் வேறு, அக்னி நட்சத்திரத்தில் வேறு.

வைகாசி முதல் வாரம் அந்தக் கல்யாணம் வந்தது. வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிராமம். பெண்ணின் அப்பா சவுதியில், தம்மாமில் கட்டட வேலை. கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை. பெரியப்பாதான் தாரை வார்த்துக் கொடுத்தார். அதே ஊர்க்காரர் ஒருவர் விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் விமானம் ஏறுகிறார், அவர் கையில் டிவிடியைக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று பெண்ணின் அம்மா நேரில் வந்து சொன்னார். ஒரு பையில் கொல்லையில் காய்த்த முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தார். "அவுக கண்ணால பாக்கணும் தம்பி. அது ஒண்ணுதான்" என்றார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் நான்கு டேப்பையும் ஏற்றினேன். டேப் ஏறும்போது திரையில் ஒரு சின்னச் சதுரத்தில் கல்யாணம் ஓடும். பக்கத்தில் இன்னொரு சதுரத்தில் பிராசஸரின் சூடு ஓடும். 71, 74, 78. நான்கு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நான் பார்த்தது இரண்டாவது சதுரத்தை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கே வருகிறேன்.

என்னிடம் ஒரு தம்பி வேலை பார்த்தான். குன்னம் பக்கத்துப் பையன், பத்தொன்பது வயது. செவ்வாய் சாயங்காலம் அவன் சொன்னான்: "அண்ணே, ரெண்டு நாளா படத்துல கட்டம் கட்டமா வருதுண்ணே. ஸ்பீடப் பழையபடி வச்சிடலாமா?"

"நீ சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?" என்றேன். அந்த வார்த்தைகள் அப்படியே ஞாபகம் இருக்கின்றன. அவன் முகமும்.

புதன்கிழமை கேமராக்காரர் வந்து டேப்பைக் கேட்டார். அடுத்த முகூர்த்தத்துக்கு வேண்டும். டேப்பை அழித்து அழித்துத்தான் எல்லோரும் எடுத்தோம். "எல்லாம் ஏறிடுச்சு, எடுத்துக்கங்க" என்று கொடுத்தேன். ஏறியதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு டிஸ்கில் நகல் வைக்கவும் இல்லை. 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி, ஹார்டு டிஸ்க் விலை உலகமெங்கும் ஏறிப்போயிருந்தது. வாங்காததற்கு அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். ஒன்பது கல்யாணத்து முன்பணம் அலமாரியில் இருந்தது.

வியாழன் ராத்திரி இரண்டு மணி. முகூர்த்தத் துண்டு ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தளம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. திரை நீலமாயிற்று. கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது. எழும்போது, டிஸ்கில் கோளாறு இருக்கிறது, சரிபார்க்கப் போகிறேன் என்று சொன்னது. அதற்கு முன் பத்து விநாடி அவகாசம் கொடுக்கும். ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் நின்றுவிடும்.

பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கியது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராம் தப்புத் தப்பாகப் படிக்கிற நேரத்தில் டிஸ்கைச் சரிபார்க்க விடுவது, கண் தெரியாதவர் கையில் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துத் தப்பை அடி என்பது போல. தட்டி நிறுத்தியிருக்கலாம். வேகத்தை இறக்கியிருக்கலாம். டிஸ்கைக் கழற்றியிருக்கலாம். பத்து விநாடி நீளமான நேரம். ஆனால் நிறுத்தினால், என் மூன்று கிகாதான் கோளாறு என்று நானே ஒத்துக்கொள்ள வேண்டும். கை கீபோர்டின் மேல் இருந்தது. தட்டவில்லை.

வரி வரியாக ஓடியது. நீக்கப்பட்டது, நீக்கப்பட்டது என்று ஒவ்வொரு வரியும் சொன்னது. முடிந்து திறந்தால் அந்தக் கல்யாணத்தின் ஃபோல்டரே இல்லை.

இதுவரை நடந்தது அகம்பாவமும் அஜாக்கிரதையும். இனி சொல்லப்போவது வேறு.

பெயர்ப்பட்டியல் அழிந்தாலும் டிஸ்கின் அடியில் படம் அப்படியேதான் கிடக்கும். மீட்க வாய்ப்பு இருந்தது. வெள்ளி காலை தம்பி வந்து பார்த்துவிட்டு அதைத்தான் சொன்னான்: "கழட்டி வச்சிடலாம்ணே. வேற மெஷின்ல போட்டுப் பாப்போம்." கேமராக்காரரும் போனில் சொன்னார்: "டிஸ்கக் குடுங்க, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுல காட்டுறேன், எவ்வளவு ஆனாலும் நான் தர்றேன்."

அங்கே யாராவது பார்ப்பார்கள். எந்த மெஷினில் ஓடியது என்று கேட்பார்கள். ராமை என்ன வேகத்தில் ஓட்டினாய் என்று கேட்பார்கள். ஜெயங்கொண்டம்வரை என் பெயர் போகும். இதைத்தான் நினைத்தேன். தம்மாமில் காத்திருந்தவரை அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை.

தம்பியை டீ வாங்கி வர அனுப்பினேன். டிஸ்கை ஃபார்மட் செய்தேன். ஃபார்மட் செய்தாலும் மீட்க முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால் அடுத்த கல்யாணத்தின் டேப்புகளை அதன் மேல் ஏற்றத் தொடங்கினேன். ஏற்றுவதற்கு முன் பயாஸில் 240-ஐ 200 ஆக்கினேன். கல்யாணம் தொலைந்தது வியாழன் ராத்திரி அல்ல. வெள்ளிக்கிழமை காலை, தூங்கி எழுந்து, தெளிந்த மூளையோடு, நான் தொலைத்தேன்.

கேமராக்காரரிடம் "பையன் தெரியாம ஃபார்மட் அடிச்சுட்டான்" என்றேன். தம்பி டீத்தூக்கோடு படியில் நின்றுகொண்டிருந்தான். கேட்டது. ஒன்றும் பேசவில்லை. டீயை ஊற்றி வைத்தான். மறுநாள் வரவில்லை. இந்தச் சிறு ஊர்களில் ஒரு மிக்ஸிங்காரன் சொன்னது எல்லா ஸ்டுடியோவுக்கும் போகும். அவனை யாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார விடவில்லை. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக மூட்டை ஏற்றப் போனான். படத்தில் கட்டம் வருவதை என்னைவிட முதலில் கண்டவன் அவன்.

பெண் வீட்டாரிடம் "கரண்ட் போய்ப் போய் வந்ததுல டிஸ்க் போயிடுச்சு" என்றேன். அந்த வருடம் யாரிடம் சொன்னாலும் நம்புவார்கள். பெண்ணின் அம்மா என்னைத் திட்டவில்லை. கரண்டைத் திட்டினார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்க்காரர் டிவிடி இல்லாமல் விமானம் ஏறினார்.

ஒரு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை, தம்மாமிலிருந்து பெண்ணின் அப்பாவின் போன் வந்தது. அங்கே அவர்களுக்கு விடுமுறை நாள். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தம்பி, டேப்ப நீங்க முழுசாப் பாத்தீங்களாம்ல" என்றார்.

"ஆமாண்ணே."

"தாலி கட்டுறப்ப எம்பொண்ணு அழுதுச்சா?"

எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. நான்கு மணி நேரம் என் கண் முன்னால் ஓடிய கல்யாணம் அது. உலகத்திலேயே அந்தப் பதிவு முழுவதன் முன்னாலும் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான். எனக்கு ஞாபகம் இருந்தது 78 என்ற எண் மட்டும்.

"இல்லண்ணே. சிரிச்ச முகமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"நல்லது தம்பி" என்று வைத்துவிட்டார்.

ஓவர்கிளாக் செய்வது பிரயோஜனமா என்று இன்றைக்கும் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ராம் விற்கிறேன், பழுது பார்க்கிறேன், ஆகவே கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்டின் ஆராய்ச்சியாளர்கள் சுமார் பத்து லட்சம் கம்ப்யூட்டர்கள் அனுப்பிய பழுது விவரங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். வேகம் கூட்டியவை, கூட்டாதவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக விழுந்தன. நான் 240 என்று தட்டியதற்கு முந்தைய வருடமே அது வந்துவிட்டது. நான் படிக்கவில்லை. இப்போது வரும் பிராசஸர்கள் தம்மால் முடிந்த வேகத்துக்குச் சூட்டைப் பார்த்துத் தாமே ஏறி இறங்குகின்றன. நாம் கைவைக்க மிச்சம் வைப்பதில்லை. அப்படியும் 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் பல, தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி நிலைகுலைந்தன. அந்த நிறுவனம் உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. செய்தவர்களுக்கே எல்லை பிடிபடாத இடம் அது.

விளையாடுவதற்கென்று ஒருவன் தன் கம்ப்யூட்டரைச் சூடேற்றிப் பழகினால் நான் தடுக்க மாட்டேன். விழுந்தால் அவன் விளையாட்டு விழும். எழுந்து திரும்ப ஆடுவான். அடுத்தவர் பொருள் உள்ளே இருக்கும்போது செய்யாதே என்று மட்டும் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் அண்மைக்காலம்வரை பதில் சொன்னதில்லை.

தம்பியைத் தேடிப் போனது 2023-இல். அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருந்தது. வாசலிலேயே நின்று சொன்னேன். "நான் படியிலதாண்ணே நின்னேன், கேட்டுச்சு" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. கேமராக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். "இப்ப சொல்லி?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

அதே வாரம் வேப்பந்தட்டைப் பக்கம் போனேன். பெண்ணின் அப்பா 2016-இல் சவுதியை விட்டு வந்துவிட்டார். திண்ணையில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். 240, ராம், பத்து விநாடி, ஃபார்மட், பையன், கரண்ட். குறுக்கே பேசாமல் கேட்டார். கை அறுத்துக்கொண்டே இருந்தது. நான் முடித்ததும் நின்றது.

"அப்ப, அது சிரிச்ச முகமா இருந்துச்சுன்னு சொன்னது?"

"தெரியாதுண்ணே. நான் பாக்கல."

வெகுநேரம் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கிட்டக் கேட்டா, ஓமப் புகையில ஒண்ணும் ஞாபகம் இல்லப்பாங்குது" என்றார். "நாலு வருசம் ரூமுல இருந்த பசங்ககிட்டல்லாம் சொன்னேன் தம்பி. எம்பொண்ணு சிரிச்ச முகமா இருந்துச்சுன்னு."

உள்ளிருந்து அவர் மனைவி இரண்டு தம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தார். அவர் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். பிறகு எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.